ஊறுகாய் யூனிட்டுக்கு 10 லட்சம் மானியம் வாங்கித் தரேன்னு கமிஷன் கேக்குறாங்க, குடுக்கலாமா?

தோப்புவீடு, காவேரிப்பட்டினம் பக்கம்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க 12 பேர் இருக்கிற மகளிர் சுய உதவிக்குழு. சீசன்ல மாங்கா ஊறுகாய், தொக்கு, வத்தல் போட்டு வாரச்சந்தையில விக்கிறோம், கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சியிலயும் ஸ்டால் போட்டிருக்கோம். நல்லா போகுது, கேட்டு வாங்குறாங்க. ஆனா எல்லாமே கையால நறுக்கி கையால கலக்குறதுதான், ஒரு அளவுக்கு மேல முடியல. பெங்களூரா மாங்கா விலை விழுற வருஷத்துல பறிக்கிற கூலிக்கே கட்டாதுன்னு தோப்புக்காரங்க மரத்துலயே விட்டுடறாங்க, அதைப் பாக்கும்போது வயிறு எரியுது, நம்மகிட்ட நறுக்குற மெஷின், பல்ப், அதாவது மாங்கா கூழ் எடுக்குற மெஷின், ஒரு சின்ன ஷெட் இருந்தா இதுல பாதியாவது எடுத்து வெச்சிருக்கலாமேன்னு தோணுது.

இப்ப ஒருத்தர் கன்சல்டன்ட்னு சொல்லிட்டு வந்தாரு. மத்திய அரசு 10 லட்சம் இலவசமா குடுக்குது, திருப்பிக் கட்டவே வேணாம், நான் வாங்கித் தரேன், முன்பணம் 15 ஆயிரம், பணம் வந்ததும் 10 பர்சென்ட்னு சொல்றாரு. குழுவுல பாதி பேர் குடுத்துடலாம்ங்குறாங்க. எனக்கு மனசு ஒப்பல. நிஜமாவே இப்படி ஒரு திட்டம் இருக்கா, நாங்களே நேரா போனா நடக்குமா?

இன்னொண்ணும் கேட்டுக்கறேன். என் தம்பியும் ஊர்ப் பசங்களும் சேர்ந்து எங்க ஏரியைத் தூர்வாரணும்னு நிக்கிறாங்க. டிரஸ்ட் ஆரம்பிங்க, ஓசூர் கம்பெனிங்ககிட்ட இருந்து சிஎஸ்ஆர்ல, அதாவது கம்பெனிங்க சமூக வேலைக்குன்னு ஒதுக்குற பணத்துல, லட்ச லட்சமா வரும்னு அவங்களுக்கும் ஒருத்தர் ஆசை காட்டுறாரு, அதுக்கும் ஃபீஸ் கேக்குறாரு. அது எந்த அளவு உண்மைங்க?

---

பழைய பேங்க்காரர், தருமபுரி:

அம்மா, அந்த 15 ஆயிரத்தை மட்டும் குடுத்துடாதீங்க. மத்ததை நிதானமா சொல்றேன்.

அவர் சொல்ற திட்டம் இருக்கு, பேரு பிஎம்எஃப்எம்இ, சின்ன உணவு பதப்படுத்தும் தொழிலுக்காக 2020ல வந்தது. ஆனா அவர் சொல்ற மாதிரி இல்ல. அது கடனோட ஒட்டி வர்ற மானியம். தகுதியான திட்டச் செலவுல 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். குறைஞ்சது 10 சதவீதம் நீங்க கையில இருந்து போடணும், மீதி பேங்க் லோன். கணக்குப் போட்டுப் பாருங்க, முழு 10 லட்சமும் மானியமா வரணும்னா உங்க யூனிட் செலவே 28 லட்சத்தைத் தாண்டணும். உங்களுக்கு அவ்ளோ பெரிய யூனிட் வேணுமா? 12 லட்சத்துல ஒரு யூனிட்னு வெச்சுக்குவோம், உங்க பங்கு 1.20 லட்சம், மானியம் 4.20 லட்சம், மிச்சம் 6.60 லட்சமும் வட்டியும் நீங்க சம்பாதிச்சுத்தான் கட்டணும். அந்த 4.20 லட்சமும் கைக்கு வராது, பேங்க்லயே தனி கணக்குல நிக்கும், மூணு வருஷம் லோனை ஒழுங்கா கட்டி கணக்கு கெடாம இருந்தா அப்புறம் கடன்ல கழிப்பாங்க. நடுவுல கட்டாம விட்டு என்பிஏ, அதாவது வாராக்கடன் ஆச்சுன்னா மானியம் கைவிட்டுப் போயிடும். அதனால "திருப்பிக் கட்டவே வேணாம்"னு ஒருத்தர் சொன்னா அந்த இடத்துலயே பேச்சை முடிச்சுடுங்க.

நேரா போனா நடக்குமான்னு கேட்டீங்களே, தாராளமா நடக்கும். மாவட்ட தொழில் மையத்துக்குப் போங்க, டிஐசின்னு சொல்லுவாங்க. இந்தத் திட்டத்துக்குன்னே மாவட்ட வள நபர்னு ஆள் போட்டிருக்காங்க, விண்ணப்பம் ஏத்துறது, புராஜெக்ட் ரிப்போர்ட் போடுறது, பேங்க்ல பேசுறது, உணவுப் பாதுகாப்புப் பதிவான எஃப்எஸ்எஸ்ஏஐ, சிறுதொழில் பதிவான உத்யம் எடுத்துக் குடுக்குறது எல்லாம் அவங்க வேலை, அதுக்கு அவங்களுக்கு அரசாங்கமே காசு குடுக்குது, நீங்க பைசா தர வேணாம். மாதிரி புராஜெக்ட் ரிப்போர்ட் தஞ்சாவூர்ல இருக்கிற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் நிஃப்டெம் போட்டு வெச்சிருக்கிறது இணையத்துலயே கிடைக்குது, அதைப் பாத்து உங்க கணக்கை நீங்களே ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. உத்யம் பதிவு முழுக்க இலவசம். வருஷத்துக்கு 12 லட்சத்துக்குள்ள விக்கிறவங்களுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவுக் கட்டணம் வருஷம் 100 ரூபாதான். இந்தத் திட்டத்துல மாவட்டத்துக்கு ஒரு முக்கியப் பொருள்னு போட்டிருக்கிற 'ஒரு மாவட்டம் ஒரு பொருள்' பட்டியல்ல கிருஷ்ணகிரிக்கு மாம்பழம்தான் இருக்கு, அதனால நீங்க போற பாதை நேர்பாதை. போன உடனே முதல் கேள்வியா திட்டம் இன்னும் ஓடுதா, இந்த வருஷத்துக்கு டார்கெட் மிச்சம் இருக்கான்னு கேட்டுடுங்க, ஏன்னா எந்தத் திட்டமும் வருஷா வருஷம் ஒதுக்குற பணத்துலதான் ஓடும்.

உங்களை மாதிரி குழுவுக்கு இதே திட்டத்துல விதை மூலதனம்னு ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி அந்த ஆள் வாயே திறந்திருக்க மாட்டாரு. உணவு தயாரிக்கிற குழு உறுப்பினர் ஒருத்தருக்கு 40 ஆயிரம் வரைக்கும், சரக்கு வாங்கவும் சின்னச் சின்ன சாமான் வாங்கவும். இது டிஐசி வழியா வராது, மகளிர் திட்டம் ஆபீஸ் வழியா சுய உதவிக்குழுக்களோட கூட்டமைப்புக்கு வந்து அங்கேயிருந்து உங்களுக்குக் கடன் மாதிரி வரும், நீங்க கூட்டமைப்புக்குத் திருப்பிக் கட்டுவீங்க, அது அடுத்த குழுவுக்குப் போகும். முதல்ல இதைக் கேளுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

---

ராகிமால்ட், பென்னாகரம்:

சார் சொன்னது எல்லாம் சரிங்க்கா, நான் இதே திட்டத்துலதான் ராகி மால்ட், சாமை மிக்ஸ் யூனிட் போட்டிருக்கேன், அதனால யூனிட் ஓட்டுறவன் கண்ணுல இருந்து ரெண்டு விஷயம் சொல்றேன்.

முதல் விஷயம் காலம். எனக்கு ராகி வருஷம் பூரா கிடைக்கும், உங்களுக்கு மாங்கா மே, ஜூன், ஜூலை அவ்வளவுதான். நீங்க பிப்ரவரில அப்ளிகேஷன் போட்டு பேங்க் இழுத்து ஜூலைல சாங்ஷன் ஆகி ஆகஸ்ட்ல மெஷின் வந்து இறங்குச்சுன்னா அடுத்த மே வரைக்கும் மெஷின் சும்மா நிக்கும், ஆனா டியூ நிக்காது. அதனால சீசன் முடிஞ்ச கையோட இப்பவே அப்ளிகேஷன் வேலையை ஆரம்பிச்சு, பொங்கலுக்குள்ள சாங்ஷன், மார்ச்ல மெஷின் ஓட்டிப் பாக்குறது, ஏப்ரல்ல வடுமாங்கால கை வெக்கிறதுன்னு திட்டம் போடுங்க. லோன் பேசும்போதே மாரடோரியம், அதாவது அசல் கட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி விடுற அவகாசம், அது முதல் சீசன் சரக்கு வித்து காசு கைக்கு வர்ற வரைக்கும் வேணும்னு புராஜெக்ட் ரிப்போர்ட்லயே எழுதச் சொல்லுங்க. அப்புறமா போயி கேட்டா குடுக்க மாட்டாங்க.

ரெண்டாவது, இதுதான் பெரிசு. மானியம் மெஷினுக்கு வரும், மாங்கா வாங்க வராது. நீங்க வருஷத்துக்கு விக்கப் போற மொத்த சரக்குக்கும் மாங்கா, எண்ணெய், மிளகாத்தூள், உப்பு, பாட்டில் எல்லாத்தையும் அந்த ரெண்டு மூணு மாசத்துல காசு குடுத்து வாங்கி ஜாடியில ஊறப் போட்டுடணும், அது காசா திரும்பி வர மார்கழி தை ஆயிடும். அந்த இடைவெளியை யாரு தாங்குறது? நம்ம மாவட்டத்துல மெஷின் எல்லாம் பளபளன்னு இருக்கும், சரக்கு வாங்க காசு இல்லாம ஷட்டர் இறக்கி வெச்சிருப்பாங்க, நானே பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும். அதனால மெஷினுக்கு டெர்ம் லோன் கேக்கும்போதே, சரக்கு வாங்குற நடைமுறை மூலதனத்துக்கு சிசி லிமிட்டும், அதாவது தேவைக்கு எடுத்துட்டு வித்ததும் திருப்பிப் போடுற கடன் வரம்பும் சேத்து கேளுங்க. விதை மூலதனம் 40 ஆயிரம்னு சார் சொன்னாரே, 12 பேருக்கும் வராட்டியும் எட்டு பேருக்கு வந்தாக்கூட 3.20 லட்சம், அதை அப்படியே மாங்காவுக்கும் எண்ணெய்க்கும் வெச்சுக்கோங்க, மெஷினுக்குத் தொடாதீங்க.

கொட்டேஷன் வாங்கும்போது மெஷின்காரங்க சில பேரு, விலையை ஏத்திப் போட்டுத் தரேன், மிச்சத்தை உங்க கையில தரேன்னு சொல்லுவாங்க. வேண்டவே வேண்டாம். பேங்க் நேரா மெஷின்காரருக்குத்தான் பணம் அனுப்பும், அப்புறம் ஆய்வுக்கு வருவாங்க, மெஷின் நம்பரு ஜிஎஸ்டி பில்லு எல்லாம் பாப்பாங்க, அதுவும் இல்லாம ஏத்திப் போட்ட விலைக்கு வட்டி கட்டப்போறது நீங்கதான்.

---

சந்தைக்கடை, காரிமங்கலம்:

எல்லாரும் லோன் லோன்னு சொல்றீங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்ல. 12 பொம்பளைங்க கையில பொழைப்பு நல்லா ஓடிட்டு இருக்கு, அவங்களை எதுக்கு 7 லட்சம் கடன்ல இறக்கணும்? பாலக்கோடு பக்கம் தக்காளி விலை விழுறப்ப எல்லாம் தக்காளி சாஸ் யூனிட் போடுங்கன்னு ஆளாளுக்கு சொல்லுவாங்க, ஆனா போட்டவன் சரக்கை எங்க விக்கிறதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பல்ப் எடுக்குறதெல்லாம் பெரிய ஃபேக்டரிங்க வேலைங்க, டன் கணக்குல ஓடுறவங்களோட நம்ம போட்டி போட முடியாது. நீங்க பல்ப்பை விட்டுடுங்க அக்கா. நறுக்குற மெஷின் ஒண்ணு, பாட்டில் மூடி சீல் பண்ற மெஷின் ஒண்ணு, இது சுய உதவிக்குழுவுக்குன்னு பேங்க் குடுக்குற லிங்கேஜ் கடன்லயே முடியும். ஒரு சீசன் டபுளா வித்துக் காட்டுங்க, அப்புறம் பெரிய திட்டத்துக்குப் போங்க.

---

பழைய பேங்க்காரர், தருமபுரி:

சந்தைக்கடைக்காரர் பல்ப் பத்தி சொன்னது நூத்துக்கு நூறு சரி, நான் மேனேஜரா உக்காந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன், யாருக்கு விக்கப்போறீங்க, ஆர்டர் இருக்கா, யாராவது எழுதிக் குடுத்திருக்காங்களான்னு. ஊறுகாயையும் தொக்கையும் விட்டு விலகாதீங்க.

ஆனா கடனே வேணாம்ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். லிங்கேஜ் கடன் 12 பேரும் பிரிச்சுக்கிற கடன், ஒருத்தர் பொண்ணு கல்யாணத்துக்கு எடுப்பாங்க, ஒருத்தர் மாடு வாங்க எடுப்பாங்க, யூனிட்டுக்குன்னு தனியா நிக்காது. தொழிலுக்குன்னு தனிக்கடன், தனிக்கணக்கு இருந்தாத்தான் தொழில் லாபமா நட்டமான்னே தெரியும். 28 லட்சம் வேணாம், 12 கூட வேணாம், 6 லட்சத்துல போடுங்க, மானியம் 2.10 லட்சம் வரும், 60 ஆயிரம் உங்க பங்கு, 3.30 லட்சம்தான் கடன். மானியம் பெரிசா வரணும்னு யூனிட்டைப் பெருசாக்குறதுதான் ஆபத்து. தேவை எவ்ளோவோ அவ்ளோ போட்டு, அதுக்கு எவ்ளோ மானியம் வருதோ வாங்கிக்கணும்.

ஜாமீன் கேட்டா பயப்படாதீங்க. 10 லட்சம் வரைக்கும் குறுந்தொழில் கடனுக்கு சொத்து அடமானம் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் உத்தரவே இருக்கு. கேட்டாங்கன்னா "அப்ப காரணத்தை எழுத்துல குடுங்க சார்"னு மரியாதையா சொல்லுங்க. அப்படியும் இழுத்தடிச்சா மாவட்டத்துல பேங்க்குகளை ஒருங்கிணைக்கிற லீடு பேங்க் மேனேஜரைப் பாருங்க, கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் நாள்ல மனு குடுங்க, அந்த மனு திரும்ப பேங்க்குக்குத்தான் வரும், பதில் சொல்லியே ஆகணும்.

இன்னொண்ணு, பிஎம்இஜிபின்னு, பிரதமரோட வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதை வேற ஒருத்தர் வந்து சொல்லுவாங்க. அதுல கிராமப்புற பெண்களுக்கு 35 சதவீதம், சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும், உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரைக்கும் திட்டச் செலவு, நல்ல திட்டம்தான், ஆனா புதுசா ஆரம்பிக்கிற தொழிலுக்கு மட்டும்தான். நீங்க ஏற்கெனவே ஓட்டிட்டு இருக்கிற தொழிலைப் புதுசுன்னு காட்டச் சொன்னா காட்டாதீங்க. ஒரே யூனிட்டுக்கு ரெண்டு திட்டத்துல மானியம் வாங்கவும் முடியாது. முத்ரால மானியம் கிடையவே கிடையாது, அது வெறும் கடன், இதைத் தெரியாம எத்தனையோ பேர் மானியம் எங்கன்னு கவுண்டர்ல வந்து சண்டை போட்டிருக்காங்க.

---

அரூர் மலையடிவாரம்:

உங்க குழுவுலயோ, இதைப் படிக்கிறவங்கள்லயோ எஸ்சி எஸ்டி யாராவது தனியா தொழில் போடுறதா இருந்தா அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்தை மறந்துடாதீங்க. மாநில அரசுத் திட்டம், 2023ல வந்தது, 35 சதவீத மூலதன மானியம், உச்சவரம்பு 1.5 கோடி, வட்டியில 6 சதவீதம் அரசு ஏத்துக்குது. எங்க சித்தேரி பக்கம் இதைப் பத்தி நிறைய பேருக்குத் தெரியவே இல்லைங்க. சாமையும் தேனும் புளியும் மூட்டையா கீழ இறக்கி மண்டியில சொன்ன விலைக்குப் போட்டுட்டு வர்றாங்க, அதை மலையிலயே சுத்தம் பண்ணி பேக் பண்ண ஒரு சின்ன யூனிட் வந்தா எவ்ளோ நல்லா இருக்கும். இதுக்கும் டிஐசிதான்.

---

ஏரிக்கரை, ஓசூர்:

அக்கா உங்க ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன், நாங்க இங்க ஒரு டிரஸ்ட்ல ஏரி வேலைதான் பாத்துட்டு இருக்கோம்.

சிஎஸ்ஆர்ங்கறது 2013 கம்பெனி சட்டத்துல 135வது பிரிவு. வருஷ லாபம் 5 கோடி, இல்லன்னா டர்னோவர் 1000 கோடி, இல்லன்னா நிகர மதிப்பு 500 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி கடைசி மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூக வேலைக்குச் செலவு பண்ணணும். ஃபேக்டரி இருக்கிற சுத்துவட்டாரத்துக்கு முன்னுரிமை குடுக்கணும்னும் சட்டத்துலயே இருக்கு. ஆனா அந்தப் பணத்தை வாங்கிச் செலவு பண்ற டிரஸ்ட்டுக்கு வருமான வரித்துறையோட 12ஏ, 80ஜி பதிவும், கம்பெனி விவகாரத் துறையோட சிஎஸ்ஆர்-1 பதிவும் இருக்கணும், அதோட அந்த மாதிரி வேலையில மூணு வருஷ அனுபவம் இருக்கணும். இன்னிக்கு டிரஸ்ட் ஆரம்பிச்சு அடுத்த மாசம் சிஎஸ்ஆர் பணம்னு யாரு சொன்னாலும் நடக்காது. ஃபீஸ் வாங்கிட்டு டிரஸ்ட் பத்திரம் போட்டுக் குடுப்பாங்க, அதோட சரி, பசங்க வருஷா வருஷம் கணக்குத் தணிக்கை, வருமான வரி தாக்கல்னு மாட்டிட்டு முழிப்பாங்க.

தம்பிகிட்ட சொல்லுங்க, முதல்ல அந்த ஏரி யாரு கையில இருக்குன்னு கண்டுபிடிக்கட்டும். ஆயக்கட்டு, அதாவது ஏரித்தண்ணி பாயுற நிலம், 100 ஏக்கருக்கு மேலன்னா நீர்வளத்துறை, அதுக்குக் கம்மின்னா ஊராட்சி ஒன்றியம். அனுமதி இல்லாம ஜேசிபியை உள்ள இறக்கிட்டா பணம் குடுத்தவங்க மேல கூட மண் கடத்தல்னு கேஸ் வரலாம், இது ரொம்ப முக்கியம். ஒன்றிய ஏரின்னா நமக்கு நாமே திட்டம் இருக்கு, மதிப்பீட்டுல மூணுல ஒரு பங்கு மக்கள் போட்டா மீதியை அரசு போடும், எஸ்சி எஸ்டி மக்கள் இருக்கிற பகுதின்னா அஞ்சுல ஒரு பங்கு போட்டா போதும். அந்த மூணுல ஒரு பங்கை ஊர்க்காரங்க, வெளியூர்ல வேலை பாக்குற பசங்க, பக்கத்துல இருக்கிற கம்பெனி யாரு வேணா குடுக்கலாம். கம்பெனிக்காரங்ககிட்ட போகும்போதும் "எங்ககிட்ட டிரஸ்ட் இருக்கு, பணம் குடுங்க"ன்னு போறதுக்கும், "கிராமசபைத் தீர்மானம் இதோ, பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் எஸ்டிமேட் இதோ, எங்க ஊரு பணம் இவ்ளோ சேர்ந்திருக்கு, மிச்சத்துக்கு உதவுங்க"ன்னு போறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சங்கமா பதிவு பண்ணணும்னு ஆசைப்பட்டா பண்ணட்டும், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, குறைஞ்சது ஏழு பேர் வேணும், மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல அவங்களே போய் பண்ணிக்கலாம். பதிவு பண்ணிட்டு தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளம் என்ஜிஓ தர்பன்ல ஏத்துறதும் இலவசம். இப்போதைக்கு கருவேல மரம் எடுக்குறது, கரை பலப்படுத்துறது, பனை விதை போடுறதுன்னு செய்யற ஒவ்வொரு வேலைக்கும் தேதி, வரவு செலவு, போட்டோ எல்லாம் ஒரு நோட்டுல எழுதிட்டே வரட்டும், மூணு வருஷம் கழிச்சு எந்தக் கம்பெனி கேட்டாலும் அந்த நோட்டுதான் பேசும்.

---

தோப்புவீடு, காவேரிப்பட்டினம் பக்கம்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நேத்து குழுக் கூட்டத்துல இதை வாசிச்சே காட்டினேன், அந்த ஆளுக்கு காசு இல்லன்னு முடிவாயிடுச்சு. பல்ப்பும் வேணாம்னு விட்டாச்சு. இப்ப ஒரே குழப்பம், லோன் யாரு பேர்ல எடுக்குறது? 12 பேர்ல நிஜமா தினம் வந்து வேலை செய்யறது அஞ்சு பேர்தான், மத்தவங்க சீசன்ல மட்டும் கை குடுப்பாங்க. என் பேர்லயே எடுத்துடுன்னு சொல்றாங்க, எனக்கு பயமா இருக்கு.

---

பழைய பேங்க்காரர், தருமபுரி:

பயப்படுறது சரிதான்மா. உங்க பேர்ல எடுத்தா சிபில், அதாவது கடனைக் கட்டுற வரலாற்றுக்கான மதிப்பெண், உங்களோடது, நாளைக்கு யாரு விலகிப் போனாலும் கட்டப் போறது நீங்க, மெஷினும் சட்டப்படி உங்களோடது, அதனால நல்லா இருக்கிற குழுவுக்குள்ளயும் மனக்கசப்பு வரும். தினம் வேலை செய்யற அஞ்சு பேரும் சேர்ந்து பார்ட்னர்ஷிப் பத்திரம் போட்டு அந்தப் பேர்ல எடுங்க, பிஎம்எஃப்எம்இல பார்ட்னர்ஷிப்புக்கும் குடுக்குறாங்க. பத்திரத்துல யாரு எவ்ளோ போட்டது, லாபம் எப்படி, ஒருத்தர் விலகினா எப்படி தீத்துக்குறதுன்னு தெளிவா எழுதிடுங்க, பதிவும் பண்ணிடுங்க. ஆனா பார்ட்னர் ஒவ்வொருத்தரும் மொத்தக் கடனுக்கும் பொறுப்புங்கறதை அஞ்சு பேர் வீட்டுலயும் முன்னாடியே சொல்லிடணும். விதை மூலதனம் குழு பேர்லயே வரட்டும், மத்த ஏழு பேரும் சீசன்ல மாங்கா நறுக்கிக் குடுத்து கூலியா வாங்கிக்கட்டும். மகளிர் திட்டம் ஆபீஸ் போகும்போது குழுத் தீர்மான நோட்டு, பேங்க் பாஸ்புக், யாரு யாரு உணவு வேலை பாக்குறாங்கங்கற பட்டியல், மூணும் எடுத்துட்டுப் போங்க. அஞ்சு பேரோட சிபிலும் முன்னாடியே பாத்துடுங்க, மைக்ரோ ஃபைனான்ஸ்ல யாருக்காவது பழைய பாக்கி நின்னா பேங்க் அங்கேயே நிறுத்திடும்.

---

சக்கரம், பாப்பாரப்பட்டி:

நடுவுல ஒண்ணு கேட்டுக்கறேங்க, எங்கப்பா மண்பானை, அடுப்பு செய்யறாரு. வயசு 52. மின்சார சக்கரம் வாங்கணும், அவருக்கு ஏதாவது இருக்கா?

---

ராகிமால்ட், பென்னாகரம்:

இருக்கு தம்பி, கலைஞர் கைவினைத் திட்டம். 25 வகை கைத்தொழிலுக்குக் குடுக்குறாங்க, மண்பாண்டமும் அதுல இருக்கு. 35 வயசு ஆகியிருக்கணும், அப்பாவுக்கு சரியா இருக்கும். 3 லட்சம் வரைக்கும் கடன், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50 ஆயிரம், வட்டியில 5 சதவீதம் அரசு தருது. சாதி பாக்குறது இல்ல, பரம்பரைத் தொழிலா இருக்கணும்னும் இல்ல. தருமபுரி டிஐசில கேளுங்க. சக்கரத்துக்கு கொட்டேஷன் ஒண்ணு கையோட வாங்கிட்டுப் போனா அன்னிக்கே அப்ளிகேஷன் ஏத்திடலாம்.